சிந்தோன்: துப்பட்டியாக வந்த பழஞ்சொல்

(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: பெரிய வெள்ளி ஆராதனையில் மாற்கு சுவிசேஷம் வாசிக்கக் கேட்டேன். அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு 'மெல்லிய துப்பட்டியை' வாங்கி வந்து இயேசுவின் உடலை அதில் சுற்றினார் என்று வருகிறது. என் ஆச்சி கட்டிலில் விரிப்பதையும் இரவில் போர்த்துவதையும்தான் துப்பட்டி என்பார். மூலத்தில் 'சிந்தோன்' என்ற கிரேக்கச் சொல் இருப்பதாகவும், அது சிந்து நதியின் பெயரால் வந்த இந்தியப் பருத்தித் துணி என்றும் என் தம்பி மகன் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். எது சரி?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் ஆச்சி சொன்னது முழுவதும் சரி, தம்பி மகன் அனுப்பியதில் முதல் பாதி சரி, மறுபாதியை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

மாற்கு, மத்தேயு, லூக்கா ஆகிய மூவரும் அந்த இடத்தில் சிந்தோன் என்ற சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள். அகராதிகள் இதற்கு 'மெல்லிய துணி, பெரும்பாலும் லினன்' என்று பொருள் தருகின்றன. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சிந்தோன் என்பது நூலின் பெயராக இருந்ததைவிட, தறியிலிருந்து இறக்கியபடியே, வெட்டாமல் தைக்காமல் பயன்படுத்தும் ஒரு விரிதுணியின் பெயராகவே அதிகம் வழங்கியது. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் அத்தகைய துணியை ஆளிச்செடியின் நாரில் நெய்தார்கள் என்பதால் அங்கே அது லினன் ஆயிற்று.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் இச்சொல் பல வேலைகளைச் செய்கிறது. எகிப்தியர் பிணத்தைப் பதப்படுத்தியபின் உயர்ந்த லினன் சிந்தோனைப் பட்டை பட்டையாகக் கிழித்து அதைச் சுற்றுகிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். கி.மு. 480-இல் நடந்த கடற்போரில் உடலெங்கும் வெட்டுப்பட்டுச் சிக்கிய பித்தேயாஸ் என்ற கிரேக்க வீரனின் துணிவை வியந்த பாரசீகர்கள், அவனுக்கு மருந்திட்டு அதே வகைத் துணியால் கட்டுப்போட்டார்கள் என்று இன்னோரிடத்தில் சொல்கிறார். மூன்றாவது இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பாபிலோனியாவில் மீனை மட்டுமே உண்டு வாழ்ந்த சில குலத்தார், வெயிலில் உலர்த்திய மீனை உரலில் இடித்துத் தூளாக்கிச் சிந்தோனில் சலித்தெடுத்து, அதைப் பிசைந்து அப்பம் போலச் சுட்டுத் தின்றார்களாம். நம் சித்த வைத்தியர்கள் சூரணத்தை மெல்லிய துணியில் சலிப்பதை 'வஸ்திரகாயம்' என்பார்களே, அதே வேலைதான். கருவாட்டு மாவையும் சலிக்கலாம், காயத்தையும் கட்டலாம், பிணத்தையும் பொதியலாம் என்றால், அது வீட்டில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் ஒரு மெல்லிய வெள்ளை விரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மாற்கு சுவிசேஷத்திலேயே இச்சொல் இன்னோரிடத்திலும் வருகிறது. கெத்செமனேயில் இயேசுவைப் பிடித்த இரவில், ஒரு வாலிபன் 'ஒரு துப்பட்டியை மாத்திரம் தன்மேல் போர்த்துக்கொண்டு' பின்னே போகிறான். அவனைப் பிடித்ததும் துப்பட்டியைப் போட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிப்போகிறான். இங்கும் மூலத்தில் சிந்தோன்தான். தூங்கிக்கொண்டிருந்தவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறான் என்பது ஆச்சியின் துப்பட்டியை அறிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். 'லினன் வஸ்திரம்' என்று அங்கே எழுதியிருந்தால் அவன் ஏதோ விலையுயர்ந்த ஆடை அணிந்த செல்வன் போலத் தோன்றியிருப்பான்.

இனிச் சிந்து நதிக்கு வருவோம். இடத்தின் பெயர் துணிக்கு ஆவது உலகெங்கும் உள்ள வழக்கம். கலிங்க நாட்டுப் பெயரால் சங்க நூல்களில் துணிக்கே 'கலிங்கம்' என்ற பெயர் இருக்கிறது. கோழிக்கோடு கேலிக்கோ ஆயிற்று, மோசுல் மஸ்லின் ஆயிற்று. ஆகவே சிந்துவிலிருந்து சிந்தோன் வந்தது என்று கேட்டவுடன் நம்பத் தோன்றுகிறது. பெயர் பெற்ற அறிஞர்களே முன்பு அப்படி எழுதியதுண்டு. ஆனால் கிரேக்கர்கள் சிந்து நதியை 'இந்தோஸ்' என்றே அழைத்தார்கள். பாரசீகர் வாயில் சகரம் ஹகரமாகி, கிரேக்கர் வாயில் அந்த ஹகரமும் உதிர்ந்ததால் வந்த வடிவம் அது. நதியின் பெயரில் உதிர்ந்த முதலெழுத்து துணியின் பெயரில் மட்டும் உதிராமல் நிற்கிறது என்றால், அந்தச் சொல் பாரசீகத்தைத் தொடாத வேறொரு வழியில் வந்திருக்க வேண்டும். மறுபக்கத்தில், எபிரேயத்தில் 'சாதீன்' என்ற சொல் இதே பொருளில் இருக்கிறது. மெசொப்பொத்தேமியாவின் அக்காதிய மொழியிலும் அதற்கு உறவான ஒரு துணிப்பெயர் உண்டு. பழைய ஏற்பாட்டில் சிம்சோன் விடுகதை போட்டுப் பந்தயம் கட்டியபோது பேசிய 'முப்பது துப்பட்டிகள்' எபிரேயத்தில் சாதீன்; அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் சிந்தோன் என்று எழுதினார்கள். என் கணிப்பில் சாதீன் வழியே வலுவானது. ஆனாலும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பெருமைக்காக மட்டும் சிந்துவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு இச்சொல்லோடு நேரான, எழுத்தில் உள்ள உறவு ஒன்று இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் காண்க.

கேள்வி: எங்கள் ஊர்த் துணியைப் பற்றிப் பழைய கிரேக்க நூல் ஒன்றில் குறிப்பு இருப்பதாக ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?
(வாசகர், உறையூர், திருச்சி)

பதில்: உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழி வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூல் செங்கடலிலிருந்து நம் கரை வரையுள்ள துறைமுகங்களையும் சரக்குகளையும் சொல்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது. ஆனால் சரக்குப் பட்டியலில் அவருக்கிருந்த அக்கறையைப் பார்த்தால் கையில் கணக்குப் புத்தகம் இல்லாமல் நடந்தவர் அல்லர் என்று தெரிகிறது. பாண்டியர்க்கு உரிய கொற்கையில் தண்டனை பெற்றவர்களைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்று சொன்ன கையோடு, அதற்கு அப்பால் உள்நாட்டில் 'அர்காரு' என்ற ஊர் இருக்கிறது என்றும், அவ்வூரின் பெயராலேயே வழங்கும் சிந்தோன்கள் அங்கிருந்து வருகின்றன என்றும் எழுதுகிறார். அர்காரு என்பது சோழர் தலைநகரான உறையூர் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் சொல்லின் குணம் தெளிவாகிறது. காவிரிக்கரையில் ஆளிநாரை நெய்த வழக்கம் இல்லை. உறையூரில் நெய்தது பருத்தி. எகிப்திலிருந்து வந்த அந்த வணிகர், தம் ஊரில் லினன் விரிதுணிக்கு எந்தப் பெயரைச் சொல்வாரோ அதே பெயரைத் தயக்கமின்றி நம் பருத்தித் துணிக்கும் கொடுத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது துணியின் மென்மையும் வடிவும். எந்தச் செடியின் நூல் என்பதை அவர் அந்தப் பெயருக்குள் வைக்கவில்லை. 'சிந்தோன் என்றால் லினன்' என்று ஒரே வரியில் எழுதிவிடும் அகராதியும், 'சிந்தோன் என்றால் இந்தியப் பருத்தி' என்று அனுப்பப்படும் கைப்பேசிச் செய்தியும் ஒரே தவற்றைத்தான் இரு பக்கமிருந்து செய்கின்றன.

அந்தத் துணி எவ்வளவு மெல்லியது என்று கேட்டால், சோழன் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் ஓர் இடம் உண்டு. கந்தலோடு வந்த பொருநனுக்கு அரசன் புது ஆடை கொடுக்கிறான். 'நோக்கு நுழைகல்லா நுண்மைய, பூக்கனிந்து, அரவுரி அன்ன அறுவை' என்கிறார் முடத்தாமக்கண்ணியார். இழை போகும் வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மை, பூவேலைப்பாடு, பாம்பு உரித்த தோல் போன்ற மென்மை. வயல் வரப்பில் பாம்புச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் தெரியும். அது கனமே இல்லாமல் காற்றில் ஆடும், ஒளியில் பிடித்தால் உள்ளே ஒழுங்கான கோடுகள் தெரியும். இந்த அறுவை உறையூரில்தான் நெய்யப்பட்டது என்று பாட்டு சொல்லவில்லை. ஆயினும் சோழ நாட்டில் எத்தகைய துணி புழங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

'அறுவை' என்ற சொல்லையும் சற்றுப் பாருங்கள். தறியிலிருந்து அறுத்தெடுப்பது அறுவை. துணிப்பது, அதாவது வெட்டுவது, துணி. மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே ஒரு சங்கப் புலவர் இருந்திருக்கிறார். தமிழும் துணியை நூலால் பெயரிடாமல் செயலால் பெயரிட்டிருக்கிறது.

1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் அகழ்ந்தபோது செங்கல் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. அதைச் சாயத்தொட்டி என்று கருதுகிறார்கள். உங்கள் ஊர்க் கைத்தறிச் சேலைக்கு இன்றும் பெயர் இருப்பதை நீங்களே என்னைவிட நன்கு அறிவீர்கள்.

கேள்வி: பிரதான ஆசாரியர் 'சணல்நூல் அங்கி'யும் 'சணல்நூல் பாகை'யும் தரித்துக்கொள்ள வேண்டும் என்று லேவியராகமத்தில் இருக்கிறது. கடவுளின் சந்நிதிக்குக் கோணிச் சாக்கை உடுத்திக்கொண்டா போனார்கள்? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிள்ளைகள் சிரிப்பதில் தவறில்லை, மொழிபெயர்த்தவர்கள் மீதும் தவறில்லை. நடுவே சணல் என்ற சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது.

அங்கே எபிரேய மூலம் குறிப்பது ஆளிச்செடியின் நாரால் நெய்த துணியை, அதாவது லினனை. ஆளி நமக்குப் புதிய செடி அன்று. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை இன்றும் கிடைக்கிறது. ஆனால் இந்தியாவில் அதை எண்ணெய் வித்துக்காகவே பெரும்பாலும் பயிரிட்டார்கள். தண்டில் இருக்கும் நாரைத் துணியாக்கவில்லை. எகிப்தில் அந்தச் செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டாக நீரில் ஊறப்போட்டு, சதை அழுகியதும் உலர்த்தி, அடித்து, சீவி, வெயிலில் வெளுத்து நூலாக்கினார்கள். இந்த வேலையைத் தமிழில் விளங்க வைக்க, தண்டை நீரில் அழுக வைத்து நாரெடுக்கும் ஒரு செடி வேண்டும். அதுதான் சணல். அன்று சணல் என்ற சொல் முதலில் நினைவூட்டியது, உழவர்கள் இன்று பசுந்தாள் உரமாக விதைக்கிற சணப்பு இனத்தை. எகிப்தில் கல்மழை பெய்தபோது 'சணல் தாள்பயிராயிருந்தது' என்று யாத்திராகமத்தில் வருவதும் இதே ஆளிப்பயிர்தான். பின்னர் வங்கத்துச் சணல் மூட்டை மூட்டையாக வந்து அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. சணல் என்றால் சாக்கு என்றாயிற்று. கோணிக்கு அதே மொழிபெயர்ப்பில் 'இரட்டு' என்ற வேறு சொல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். துக்கம் கொண்டாடுகிறவர்களும் மனந்திரும்புகிறவர்களும் உடுத்துவது இரட்டு. ஆசாரியர் உடுத்துவது வெள்ளை வெளேரென்ற லினன்.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல வேண்டுமென்றால் வேறோரிடத்தில் சொல்லலாம். இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்தின் திரைகளுக்கு உரிய உயர்ந்த லினனை அவர்கள் 'மெல்லிய பஞ்சுநூல்' என்றார்கள். ஒரே செடியின் நார் ஓரிடத்தில் சணலாகவும் இன்னோரிடத்தில் பருத்தியாகவும் ஆகிவிட்டது. 'ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த வஸ்திரத்தை' உடுத்தக் கூடாது என்ற கட்டளையை அப்படியே படித்தால் பருத்தியும் கம்பளியும் கலந்த சட்டை விலக்கப்பட்டது போலத் தோன்றும். மூலத்தில் விலக்கப்பட்டது லினனும் கம்பளியும் கலந்தது. சட்ட நூலில் எந்த நார் என்பது முக்கியம் என்பதால் அங்கே இந்தத் தடுமாற்றம் உறுத்துகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'யோமா' பகுதியில், பாவநிவாரண நாளன்று பிரதான ஆசாரியர் காலையில் எகிப்தின் பெலூசியம் ஊர்த் துணியும், பிற்பகலில் 'இந்தியத்' துணியும் உடுத்தினார் என்று இருக்கிறது. ரபி மெயீர் என்ற யூதச் சட்ட அறிஞர் சொன்ன கணக்கின்படி காலை ஆடையின் விலை 12 மனே, அதாவது 1,200 ஸூஸ் என்ற வெள்ளிக்காசு. பிற்பகல் ஆடையின் விலை 800 ஸூஸ். இரண்டையும் லினன் ஆடைகளாகவே அந்தச் சட்ட அறிஞர்கள் கொண்டார்கள். நம் நாட்டுப் பெயர் பெற்றது 400 ஸூஸ் குறைவு என்பதில் எனக்கும் சிறிது வருத்தம்தான்.

கேள்வி: துப்பட்டியும் துப்பட்டாவும் ஒன்றா? கிறிஸ்தவர்கள் வேதத்தில் இச்சொல்லை எடுத்தாண்டது பொருத்தம்தானா?
(வாசகி, காயல்பட்டினம்)

பதில்: பிறப்பால் ஒன்று. வடநாட்டு மொழிகளில் 'தோ' என்றால் இரண்டு, 'பட்டா' என்றால் துணிப் பட்டை. தறியின் அகலம் போதாதபோது இரண்டு பட்டைகளை இணைத்த அகலத் துணி துப்பட்டா. தமிழுக்கு அது முதலில் துப்பட்டியாக வந்து, போர்வை, விரிப்பு என்று நிலைத்தது. உங்கள் ஊரிலும் கீழக்கரையிலும் பெண்கள் வெளியே செல்லும்போது உடலைச் சுற்றிப் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி, மாற்கு எழுதிய சிந்தோனுக்கு வடிவில் மிக நெருங்கியது. சுடிதாரோடு வந்த துப்பட்டா அதே சொல்லின் இரண்டாவது வருகை. வரும்போது அகலம் குறைந்துவிட்டது.

பொருத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். யோவான் மட்டும் அடக்கத்தைச் சொல்லும்போது சிந்தோனை எழுதாமல் 'ஓதோனியா' என்ற வேறு சொல்லைப் பன்மையில் எழுதுகிறார்; தமிழ் அங்கே 'சீலைகள்' என்று மாறிக்கொள்கிறது. மற்ற மூவருக்கும் துப்பட்டி, யோவானுக்குச் சீலைகள் என்று மூலத்தின் வேறுபாட்டைத் தமிழ் காட்டிக்கொடுக்கிறது. அதே கவனம் நீதிமொழிகளில் குணசாலியான பெண் விற்கும் சாதீனை 'மெல்லிய புடவைகள்' ஆக்கியிருக்கிறது. விற்பனைக்கு நெய்த துணி என்பதால் அங்கே துப்பட்டியைவிடப் புடவை இயல்பாக இருக்கிறது. சட்டப் பகுதியில் நாரின் பெயரைத் தேடித் தடுமாறியவர்கள், சுவிசேஷத்தில் நாரை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் செய்த தமிழ் வேதாகமத் திருத்தத்தின் வழிவந்த அந்த வாசகத்தில் நான் வியக்கும் சில சொல்லாட்சிகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: இயேசுவின் உடலைப் பொதிந்தது என்று பலர் நம்பும், இத்தாலியில் உள்ள துரின் நகரத் துணிதான் அந்தச் சிந்தோனா?
(வாசகர், வேளாங்கண்ணி)

பதில்: அத்துணிக்கு இத்தாலியரின் பெயரே 'சிந்தோனே'. அது லினன், மீன்முள் போல வரிகள் சாய்ந்து எதிரெதிரே திரும்பும் நெசவு, நீளம் ஏறத்தாழ 4.4 மீட்டர், அகலம் 1.1 மீட்டர், அதாவது நம் எட்டுமுழ வேட்டியைவிட நீளம் அதிகம், அகலம் சற்றுக் குறைவு. 1578 முதல் துரினில் இருக்கிறது. 1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுக்கூடங்கள் கதிரியக்கக் கரிமம் கொண்டு அளந்து, அதன் நார் கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று அறிவித்தன. அம்முடிவை ஏற்காதவர்கள் இன்றும் எழுதி வருகிறார்கள். நான் அளவையை ஏற்கிறேன். பக்தியோடு அதைப் பார்க்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை.

கேள்வி: ஆங்கிலத்தில் இச்சொல் இருக்கிறதா? லினனுக்குத் தமிழில் என்ன எழுதுவது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பழைய ஆங்கிலப் பேரகராதிகளில் 'சிண்டன்' என்று இருக்கிறது, வழக்கொழிந்த சொல் என்ற குறிப்போடு. மெல்லிய லினன், பிணத்தைப் பொதியும் துணி என்பவை முதற்பொருள்கள். இன்னொரு பொருள் சற்று நடுங்க வைக்கும்: மண்டையோட்டில் துளையிட்டுச் சிகிச்சை செய்த அக்கால வைத்தியர்கள் அந்தத் துளைக்குள் வைத்த வட்டமான சிறு துணித்துண்டுக்கும் சிண்டன் என்றே பெயர். பித்தேயாஸின் காயத்தைக் கட்டிய துணி இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் வைத்தியர் கையை விட்டு நீங்கவில்லை. இதே சொல்லிலிருந்து கிளைத்ததாகக் கருதப்படும் 'செண்டல்' என்பது இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பட்டுத் துணிக்குப் பெயராயிற்று. ஆளியில் தொடங்கி, உறையூரில் பருத்தியாகி, கடைசியில் பட்டிலும் போய் ஏறிக்கொண்டது.

லினனுக்கு 'ஆளிநார்த் துணி' என்று எழுதலாம். செடியை விளக்க வேண்டிய கட்டுரைகளில் நான் அப்படித்தான் எழுதுகிறேன். கடையில் போய் ஆளிநார்ச் சட்டை கேட்டால் கிடைக்காது. அங்கே லினன் சட்டை என்றே கேளுங்கள். அச்சொல் நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று. ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கத் தையற்காரர் கேட்கிற 'லைனிங்' துணி, உடையின் உட்புறத்துக்கு லினன் கொடுத்துத் தைத்த வழக்கத்தால் வந்த பெயர். இன்று அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பருத்தி.